தோள் வாரில் ஆக்‌ஷன் கேமரா: மலைப்பாதைக்குப் புதியவர்களுக்கு

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதையில் மண் அரித்துப் போய், மரவேர்கள் படிக்கட்டுபோல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்த வேர்கள் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். ஒரு கையில் செல்ஃபிக் குச்சியும் மறு கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக அங்கே இறங்குகிறவர்களை எந்த வாரக் கடைசியில் போனாலும் பார்க்கலாம். கால் சறுக்கினால் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. விழுகிற நொடியில் கேமராவைக் காப்பாற்றத்தான் கை போகும். முழங்கை பாறையில் மோதும். கேமராவைப் பையில் கட்டினால் படம் நன்றாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அது இரண்டாவது காரணம். மலையில் இரண்டு கையும் உங்களுக்கு வேண்டும் என்பதே முதல் காரணம்.

கொடைக்கானலைச் சுற்றியும் நீலகிரியிலும் சில ஆண்டுகளாக நடந்து, கேமராவைப் பல இடங்களில் கட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் முறை ஆக்‌ஷன் கேமரா வாங்கி மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு அந்த அனுபவம் கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

எந்த இடத்தில் கட்டுவது

தலையில் மாட்டும் பட்டைதான் பலரையும் முதலில் கவரும். நாம் பார்ப்பதையே கேமராவும் பார்க்கும் என்பது சரி. ஆனால் நடக்கும்போது எத்தனை முறை தலையைத் திருப்புகிறோம் என்பது வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும். காலடியைப் பார்க்கிறோம், பின்னால் வருகிறவர்களைப் பார்க்கிறோம், பறவைச் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்கிறோம். அத்தனையும் பதிவாகி, பார்ப்பவருக்குத் தலை சுற்றும். சோலைக்குள் தாழ்ந்த கிளைகளும் நெற்றியில் இருக்கும் கேமராவைத்தான் முதலில் தட்டும்.

மார்பில் குறுக்காக அணியும் கச்சை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றது. முதுகுப் பையோடு நடப்பவர்களுக்கு அது தொல்லை. பையின் தோள் வார்களுக்கு அடியில் இன்னொரு ஜோடி வார் வந்து வியர்வையில் உறுத்தும். ஏற்றத்தில் உடல் முன்னால் சாய்வதால் படம் முழுக்க மண்ணும் உங்கள் முழங்காலும்தான் இருக்கும். இடுப்பு வாரில் கட்டினால் புல்லும் பெரணியும், முன்னும் பின்னும் வீசும் கையும் மட்டுமே தெரியும். ஊன்றுகோலில் மாட்டினால் கோல் தரையில் படும் ஒவ்வொரு முறையும் படம் அதிரும்.

ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்லும் இடம் ஒன்றுதான்: பையின் தோள் வார். பையின் எடை அந்த வாரை உடம்போடு அழுத்திப் பிடித்திருக்கிறது. அதனால் கேமரா தனியாக ஆடாமல் உங்கள் உடம்போடு சேர்ந்து அசைகிறது. பொத்தான் கைக்கு எட்டுகிறது. கோப்ரோ ஹீரோ 12 கேமராவின் எடை 154 கிராம். பத்துக் கிலோ பையைச் சுமக்கும் தோளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

என்ன வாங்க வேண்டும்

தோள் வாரை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்துத் திருகி இறுக்கும் வகைக் கிளிப் வாங்குங்கள். துணி காயப்போடும் கிளிப்போல ஸ்பிரிங் வைத்துக் கவ்வும் வகை சமவெளிக்குப் போதும். மலையில் கிளை பட்டால் கழன்றுவிடும். காந்தத்தில் ஒட்டும் வகைக்கும் இதே குறைதான். வெறும் 35 கிராம் எடையுள்ள இன்ஸ்டா360 கோ 3 போன்ற சிறு கேமராக்களைச் சட்டைக்கு அடியில் காந்தத் தகடு வைத்து ஒட்டலாம், வியூபாயின்ட்டில் நிற்கும்போது அது வசதியாகவும் இருக்கும். ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அந்தக் காந்தத்தை மார்பில் அணியவே கூடாது. கேமராவோடு வரும் ஒட்டும் அடித்தட்டு ஹெல்மெட்டுக்கானது, பைத்துணியில் ஒட்டாது.

கிளிப்போடு பந்து மூட்டு உள்ள சிறிய இணைப்பு ஒன்றும் தேவைப்படும். கோப்ரோவின் அடியில் ‘விரல்கள்’ எனப்படும் இரண்டு நீட்சிகள், அதைத் தாங்கும் மவுண்டில் அதேபோல மூன்று விரல்கள். இவற்றை ஒன்றோடொன்று கோத்துத் திருகாணி போட்டால் கேமரா மேலும் கீழும் மட்டுமே சாயும். தோள் வாரோ கழுத்திலிருந்து அக்குளை நோக்கிச் சரிந்து போகிறது. பக்கவாட்டிலும் திருப்ப முடியாவிட்டால் மலை முழுவதும் சாய்ந்தே தெரியும். அதற்காக இணைப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டாம். ஒவ்வொரு மூட்டும் ஓர் ஆட்டத்தைக் கூட்டும்.

மற்றபடி, சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒரு துண்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிறு ஒரு முழம், லென்ஸ் துடைக்கும் துணி. இவ்வளவு போதும்.

பையை நிரப்பிய பிறகே கேமரா

காலிப் பையில் பொருத்திப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். காலிப் பையின் வார் ஒரு கோணத்தில் தொங்கும், எடை ஏறிய பையின் வார் வேறு கோணத்தில் விறைக்கும். முதல் நாள் இரவே தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுப் பையை மாட்டுங்கள். முதலில் இடுப்பு வாரை இடுப்பெலும்பின் மேல் பொருத்தி இறுக்குங்கள். பிறகு தோள் வார்கள். அதன் பிறகு தோளுக்கு மேலே பையை முதுகை நோக்கி இழுக்கும் சிறு வார்கள். கடைசியாக மார்புக்குக் குறுக்கே போகும் வார். இந்த வரிசை மாறினால் எடை தோளில் இறங்கி, கேமரா இருக்கும் வார் நாள் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது காறை எலும்புக்குக் கீழே நான்கு விரல் அளந்து, அந்த இடத்தில் கிளிப்பை வையுங்கள். அதற்கு மேலே போனால் தாடை இடிக்கும், படச்சட்டத்துக்குள் கன்னமும் தொப்பி விளிம்பும் வரும். கீழே போனால் கை வீச்சு மறைக்கும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது வாரில் கட்டினால் வலது கையால் பொத்தானை அழுத்துவது எளிது. பைக்குள்ளிருந்து தண்ணீர் உறிஞ்சும் குழாய் இடது வாரில் வருகிறது என்றால் அதை வலப்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளிப்பின் பின்தகட்டுக்கும் வாருக்கும் இடையே டியூப் துண்டை வைத்துவிட்டுத் திருகுகளை இறுக்குங்கள். ஒரே திருகை முழுக்க இறுக்காமல், ஒன்றில் இரண்டு சுற்று, மற்றொன்றில் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். இல்லையென்றால் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வாரின் பஞ்சு லேசாக அமுங்கும்வரை இறுக்கினால் போதும். கிளிப் கீழே நழுவாமலிருக்க எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. மார்பு வார் தோள் வாரோடு சேரும் கொக்கியை மேலே நகர்த்தி, கிளிப்புக்கு நேர் கீழே நிறுத்திவிடுவேன். கிளிப் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

தொங்கும் வார் நுனிகளை அப்படியே விடாதீர்கள். காற்றில் அவை கேமராவின் மைக்கில் படபடவென்று அடிக்கும். சுருட்டி ஒரு ரப்பர் பேண்டு போடுங்கள்.

கோணம்

பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நேராக நின்றால் கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் மார்பின் மேல்பகுதி பின்னோக்கிச் சரிந்திருக்கிறது. உடனே கீழே சாய்த்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஏற்றத்தில் உடல் முன்னால் குனியும், அப்போது அந்தச் சாய்வே நேராகிவிடும். தெருவில் அரை நிமிடம் சாதாரணமாக நடந்தும், வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கியும் பதிவு செய்யுங்கள். போனில் போட்டுப் பாருங்கள். சமதளத்தில் நடக்கும்போது தொடுவானம் சட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். நீண்ட ஏற்றம் தொடங்கும் இடத்தில் கேமராவைச் சற்று மேலே தூக்குங்கள், இறக்கத்தில் அதைவிடக் கீழே தாழ்த்துங்கள். அந்த அளவு உங்கள் உடம்புக்கும் உங்கள் பைக்கும் மட்டுமே உரியது என்பதால் அதை நான் சொல்ல முடியாது. சரியான இடம் கிடைத்ததும் மூட்டின் இரு பக்கமும் சேரும்படி மார்க்கரால் ஒரு சிறு கோடு போட்டு வையுங்கள். பாதையில் மூட்டு நகர்ந்திருக்கிறதா என்பதை அந்தக் கோடு ஒரு பார்வையில் காட்டிவிடும்.

மிக அகன்ற கோணத்தில் எடுத்தால் ஓரங்கள் வளையும், உங்கள் கைகளும் உள்ளே வரும். கோடுகளை நேராக்கும் லீனியர் அமைப்பும், தொடுவானத்தைச் சமமாக வைக்கும் வசதியும் நடப்பதற்குப் பொருந்தும். அதிர்வைச் சமன்செய்யும் வசதியை எப்போதும் போட்டு வைக்கலாம். ஆனால் அடர்ந்த சோலைக்குள் வெளிச்சம் குறையும்போது அதையும் மீறிப் படம் மங்கி இழுபடும். லாங்வுட் சோலையைப் போன்ற இடங்களில் நின்று எடுப்பதே நல்லது.

பாதுகாப்புக் கயிறு

ஒரு தை மாதம், அனுமதி பெற்று, கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக வட்டக்கானலுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். காலையில் திருகாணியை நன்றாகத்தான் இறுக்கியிருந்தேன். கயிறு கட்டவில்லை. நான்கு மணி நேரம் ஏறிய பிறகு, உயரமான ஒரு கல்லில் கால் வைத்து எழும்பியபோது மார்பில் ஏதோ லேசானதுபோல இருந்தது. கீழே கல்லில் டக் என்று ஒரு சத்தம், பிறகு சரிவில் இலைகள் சரசரத்தன. திருகாணி சிறிது சிறிதாகத் தளர்ந்து, கேமரா விரல்களிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. முட்புதருக்குள் அதைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. லென்ஸ் கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தது. அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த முக்கால் மணி நேரத்தால் எங்கள் குழுவில் இருந்த ஆறு பேரும் கடைசி ஏற்றத்தை இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் ஏற வேண்டியதாயிற்று.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோது வெள்ளகவிக்காரர் ஒருவர் குதிரையில் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். நின்று விசாரித்துவிட்டு, என் பை வாரைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

“இதற்குக் கயிறு இல்லையா, தம்பி?”

“திருகு இருக்கிறது ஐயா. போதும் என்று நினைத்தேன்.”

“குதிரை நடக்க நடக்க மூட்டை தளரும். அதனால்தான் இறுக்கிய பிறகும் இன்னொரு கயிறு போடுகிறோம்” என்று சொல்லி, சேணத்திலிருந்த கண்ணியைக் காட்டினார்.

அன்றிலிருந்து கயிறில்லாமல் நான் கேமராவை வெளியே எடுப்பதில்லை. கட்டும் முறை எளிது. நைலான் கயிற்றை வெட்டி, பிசிறாமலிருக்க நுனிகளைத் தீக்குச்சியில் லேசாக உருக்கிக்கொள்ளுங்கள். இரண்டாக மடித்து, இரு நுனிகளையும் சேர்த்து முடிச்சிட்டால் ஒரு கண்ணி கிடைக்கும். மடிப்பு முனையைக் கேமராவின் சட்டகத்தில் உள்ள துளைக்குள் நுழைத்து, மறுமுனையை அந்த மடிப்புக்குள் விட்டு உருவி இழுங்கள். இழுக்க இழுக்க இறுகும். முடிச்சு இருக்கும் முனையில் காரபைனர் என்னும் திறந்து மூடும் சிறு உலோக வளையத்தை மாட்டி, அதைத் தோள் வாரில் தைத்திருக்கும் வளையத்தில் கொக்கியிடுங்கள். கிளிப்பில் கொக்கியிடாதீர்கள், கிளிப்பே கழன்றால் கயிறும் சேர்ந்து போய்விடும். சாவிக்கொத்தோடு வரும் மெல்லிய தகரக் கொக்கியையும் நம்ப வேண்டாம்.

கட்டி முடித்தபின் கயிறு ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது. நீளமாக இருந்தால், கழன்ற கேமரா ஊசலாடி முழங்காலிலோ முகத்திலோ அடிக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: அந்தக் கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் கழுத்தில் மாட்டாதீர்கள். நீங்கள் சறுக்கி, கயிறு கிளையில் சிக்கினால் அது உயிருக்கே ஆபத்து.

ஓய்வெடுக்க நிற்கும் ஒவ்வொரு முறையும் திருகாணியை விரலால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் இதைச் சோலைப் பாதையின் நடுவே நின்று செய்ய வேண்டாம், நிற்கிற நிமிடத்தில் அட்டைகள் ஏறிவிடும். வெயில் படும் பாறை வரும்வரை பொறுத்திருங்கள்.

மூடுபனி, மழை, குளிர்

இன்றைய ஆக்‌ஷன் கேமராக்களில் பெரும்பாலானவை நீர் புகாதவை. கோப்ரோ ஹீரோ 12 கூடுதல் உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம்வரை தாங்கும். ஆனால் பேட்டரிக் கதவு மூடியிருந்தால்தான் அந்தத் தாக்குப்பிடிப்பு. பவர் பேங்கிலிருந்து வயரைச் செருகிக்கொண்டே நடப்பவர்கள், மேகம் இறங்குவதைப் பார்த்ததும் வயரைக் கழற்றிக் கதவை மூடிவிட வேண்டும். பழனி மலையில் பிற்பகலில் மேகம் வந்து மூடுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

மூடுபனியில் லென்ஸின் மேல் பொடித்துளிகள் படியும். சட்டை நுனியால் துடைத்தால் தூசியும் சேர்ந்து கீறல் விழும். துடைக்கும் துணியை ஒரு நூலில் கோத்து மறு தோள் வாரில் தொங்கவிட்டால் தேட வேண்டியதில்லை. பெரியகுளம், வத்தலக்குண்டு போன்ற இடங்களின் வெப்பமான ஈரக்காற்றை உறைக்குள் அடைத்துக்கொண்டு மேலே போனால், குளிரில் அது கண்ணாடியின் உட்புறம் ஆவியாகப் படியும். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, கேமராவோடு ஒரே பெட்டியில் போட்டுவிடுங்கள்.

பையையும் உடம்பையும் சேர்த்து மூடும் மழைப்போர்வையான பொன்சோ அணிகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பைக்கு மேல் போடும் மழை உறை தோள் வாரை மறைக்காது, பொன்சோ மறைத்துவிடும். அந்த நேரத்தில் படம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

குளிர் பேட்டரியின் சக்தியைக் குறைக்கும். மார்கழி, தை மாதங்களில் அவலாஞ்சி, ஊட்டிப் பக்கம் புல்வெளியில் உறைபனி விழும் விடியலில், முழுக்க ஏற்றிய பேட்டரிகூடச் சட்டென்று இறங்கிவிடும். மாற்றுப் பேட்டரியைப் பையின் வெளிப்பையில் வைக்காமல் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

மெமரி கார்டு வி30 என்று குறித்ததாக இருக்கட்டும். நொடிக்கு 30 மெகாபைட்டாவது எழுதும் என்பது அதன் பொருள். 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் என்று பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். தொடர்ந்து ஓடவிடாமல் இருபது, முப்பது நொடித் துண்டுகளாக எடுங்கள். ஒரே அழுத்தில் கேமரா விழித்துப் பதிவைத் தொடங்கும் வசதியைப் போட்டு வைத்தால் நடையை நிறுத்தவே வேண்டாம். குரலால் இயக்கும் வசதி மலைக்காற்றில் பல நேரம் காது கேட்காது.

அனுமதியும், அணைக்க வேண்டிய நேரமும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் இறந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாயின. அனுமதியற்ற பாதைகளில் போகாதீர்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் உண்டு. ஆன்லைனில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். நீலகிரியின் கெயர்ன்ஹில், லாங்வுட் சோலை போன்றவை புதியவர்களுக்கும் கேமராப் பழகுவதற்கும் ஏற்றவை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. கேமராவுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் நுழைவாயில்களும் உண்டு, கேட்டுக் கட்டிவிடுங்கள்.

கேமராவின் பீப் ஒலியைக் காட்டுக்குள் நுழையும் முன்பே நிறுத்திவிடுங்கள். காட்டுமாடு எதிர்ப்பட்டால் இந்தக் கேமரா உங்களைத் தவறான முடிவுக்குத் தள்ளும். அகன்ற கோண லென்ஸில் எல்லாமே தூரமாகத் தெரியும். முப்பது அடிக்கு அப்பால் நிற்கும் காட்டுமாடு திரையில் வெள்ளாடு அளவுக்குத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்று அது தோன்றவைக்கும். போகாதீர்கள். திரையைப் பார்க்காமல் மாட்டைப் பாருங்கள், ஓசையில்லாமல் பின்வாங்குங்கள், அது விலகிப் போகட்டும். ஆக்‌ஷன் கேமரா விலங்குகளைப் படமெடுக்கும் கருவியே அல்ல.

மனிதர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கையில் பிடித்த கேமராவைப் பார்த்தால் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தோள் வாரில் இருப்பது ஓடுகிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. வெள்ளகவியில் ஊருக்குள் செருப்புப் போடாமல் நடப்பது வழக்கம். நீங்கள் குனிந்து ஷூவைக் கழற்றும் அதே இடத்தில் கேமராவையும் அணைத்து, லென்ஸைத் தரையைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள். நீலகிரியில் தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளை நெருங்கும்போதும் அப்படியே. எடுக்க ஆசை இருந்தால் கேளுங்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நடையைத் தொடருங்கள்.

நடை முடிந்து அறைக்குத் திரும்பியதும் கேமராவைக் கழற்றி, மவுண்டின் விரல்களுக்கு இடையே உள்ள மணலை ஈரத்துணியால் துடையுங்கள். அந்த மணல்தான் மறுநாள் திருகாணியை இறுக விடாது. டியூப் துண்டையும் கயிற்றையும் உலரப் போடுங்கள். கயிறு தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பார்த்து, ஓர் இழை பிரிந்திருந்தாலும் புதுக் கயிறு வெட்டிக் கட்டிவிட்டுப் படுங்கள்.